"வாசல்ல வண்டி வந்து நிக்கி": சாவின் விளிம்பில் இருப்பவர் சொல்வதும், பக்கத்தில் இருப்பவர் செய்ய வேண்டியதும்

திருநெல்வேலிச் சீமையில் வீடு வீடாகப் போய்ப் படுக்கை நோயாளிகளைக் கவனிக்கிறவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. நாலு நாளாக ஆகாரம் இறங்கவில்லை. ஆச்சி பட்டாசாலையில் (வீட்டுக் கூடத்தில்) கிடக்கிறார். கண் மட்டும் வாசல் பக்கமே இருக்கிறது. "எங்கம்மா வந்துருக்கா. வண்டி வாசல்ல நிக்கி. அந்தச் சுங்குடிச் சேலைய எடு" என்று தெளிவாகச் சொல்கிறார். அந்த அம்மா செத்து அம்பது வருஷம் இருக்கும். மகன், "ஏம்மா, வாசல்ல ஒருத்தரும் இல்ல, சும்மா படு" என்று அதட்டுகிறார். மருமகள் திருநீறு எடுக்க ஓடுகிறாள். பக்கத்து வீட்டு மயினி, "இனி தாங்காது, பால ஊத்திருங்க" என்கிறார்.

மூன்று பேருமே அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் மூன்றுமே ஆச்சிக்கு உதவாது. ஏன் உதவாது, வேறு என்ன செய்யலாம் என்பதைத்தான் எழுத வந்தோம். செத்துப் பிழைத்தவர்கள் சொன்னதை அரை நூற்றாண்டாகப் பல நாடுகளில் கேட்டுப் பதிந்து வைத்திருக்கிறார்கள். அப்பால் என்ன இருக்கிறது என்பதற்கு அதில் முடிவான பதில் கிடையாது. கட்டிலில் கிடப்பவர், நாம் நினைப்பதைவிட அதிக நேரம் நம்மோடுதான் இருக்கிறார் என்பதற்கு மட்டும் அதில் நிறையச் சான்று உண்டு.

முதலில் சாவை இரண்டாகப் பிரித்துக்கொள்வோம். ஒன்று, நின்றவர் நின்ற இடத்தில் சாய்வது. இதயம் நின்ற 10 முதல் 20 விநாடிக்குள் நினைவு போய்விடும். 4 முதல் 6 நிமிடத்தில் மூளை சேதப்படத் தொடங்கும். இங்கே வேலை ஒன்றுதான்: 108-க்குச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, 5 முதல் 6 செ.மீ. இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துவது. ஆம்புலன்ஸ் வரும்வரை ஆள் மாற்றி ஆள் அழுத்த வேண்டும். இரண்டாவது, புற்றுநோயிலோ முதுமையிலோ நாள்கணக்கில் மெல்லப் போவது. அங்கே நெஞ்சை அழுத்துவதில் பயனில்லை. விலா எலும்பு உடைவதுதான் மிச்சம். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான், காப்பாற்ற வேண்டியவருக்கு வாயில் தண்ணீரும், நிம்மதியாகப் போக வேண்டியவருக்கு நெஞ்சில் குத்தும் கிடைக்கிறது.

வெளிச்சம், குகை மாதிரி வழி, செத்த உறவுகள், சொல்ல முடியாத அமைதி என்று உலகம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் முதல் வகையில் மீண்டவர்கள் சொன்னது. 1975-இல் அமெரிக்காவில் ரேமண்ட் மூடி இவற்றைத் தொகுத்து வெளியிட்டபின்தான் இதற்குச் 'சாவருகே அனுபவம்' (near-death experience) என்ற தனிப் பெயரே பரவியது. 2001-இல் நெதர்லாந்தில் பிம் வான் லோம்மல் என்ற இதய மருத்துவரும் கூட்டாளிகளும், 10 மருத்துவமனைகளில் இதயம் நின்று மீண்ட 344 பேரைக் கேட்டார்கள். அப்படி ஏதோ அனுபவம் இருந்ததாகச் சொன்னவர்கள் 62 பேர், அதாவது நூற்றுக்குப் பதினெட்டு. நூற்றில் மற்ற எண்பத்திரண்டு பேருக்கு ஒன்றும் நினைவில்லை. இந்தக் கணக்கை வீட்டில் எல்லோரும் மனதில் வைத்துக்கொண்டால் நல்லது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அண்ணாச்சியைச் சுற்றி உட்கார்ந்து, "என்னத்தப் பாத்திய? எமன் எப்படி இருந்தான்?" என்று கேட்டால், ஒன்றும் பார்க்காதவரும் எதையாவது சொல்ல வேண்டிய நெருக்கடிக்கு வந்துவிடுவார்.

உடம்பைவிட்டு மேலே மிதந்து எல்லாவற்றையும் பார்த்தேன் என்பதைச் சோதிக்கவும் முயன்றார்கள். சாம் பார்னியா தலைமையில் 15 மருத்துவமனைகளில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், மேலிருந்து பார்த்தால் மட்டுமே தெரியும்படி உயரத்தில் பலகை அடித்துப் படங்களை வைத்தார்கள். 2,060 பேருக்கு இதயம் நின்றது. மீண்டவர்களில் 140 பேரிடம் பேச முடிந்தது. சுற்றி நடந்ததைப் பார்த்ததாகவும் கேட்டதாகவும் விவரித்தவர்கள் இரண்டே பேர். அந்த இருவருக்கும் இதயம் நின்ற இடத்தில் பலகையே இல்லை. ஆனால் அவர்களில் ஒருவர் சொன்ன விவரங்கள் நடந்தவற்றோடு பொருந்தின. ஆகச் சோதனை வெல்லவும் இல்லை, தோற்கவும் இல்லை. 2023-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஜிமோ போர்ஜிகின் குழு, செயற்கைச் சுவாசக் கருவி அகற்றப்பட்ட நான்கு பேரின் மூளை அலைகளைப் பார்த்தது. இரண்டு பேரிடம், விழித்திருக்கும்போது வருகிற வேகமான காமா அலை திடீரென்று எழுந்தது. அவர்கள் திரும்பி வரவில்லை. எதை உணர்ந்தார்கள் என்று கேட்க வழியில்லை. போகிற மூளை ஒரே சீராக மங்கிக்கொண்டே போவதில்லை என்பது வரை அதை வைத்துச் சொல்லலாம்.

நம் நாட்டுக் கதை கொஞ்சம் வேறு. பெங்களூர் நிம்ஹான்ஸில் இருந்த சத்வந்த் பஸ்ரிச்சாவும் இயன் ஸ்டீவன்சனும் 1986-இல் இந்தியாவில் கிடைத்த 16 பேரின் அனுபவங்களை வெளியிட்டார்கள். அதில் குகை வழி தென்படவில்லை. தூதர்கள் வந்து கூட்டிப் போகிறார்கள். ஏடு வைத்திருப்பவர் முன்னால் நிறுத்துகிறார்கள். "இவன் இல்லை, ஆள் மாறிப்போச்சு" என்று திருப்பி அனுப்புகிறார்கள். மேல்நாட்டுக்காரர்களுக்கு இது புதினமாக இருந்திருக்கும். சித்திரா பௌர்ணமிக்குக் கோயிலில் உட்கார்ந்து எமனின் கணக்கரான சித்திரபுத்திர நயினார் கதை கேட்டு வளர்ந்த தென்பாண்டி ஆட்களுக்கு அந்த ஏடும் கணக்கும் சின்ன வயசிலேயே தெரியும். அனுபவம் எதுவானாலும் அது அவரவர் ஊர் உடுப்பைத்தான் உடுத்திக்கொண்டு வருகிறது என்பது எங்கள் எண்ணம். அதனால் அது பொய் என்று ஆகிவிடாது. ஆனால் ஒருவர் பார்த்ததை வைத்து மேலுலகத்துக்கு வரைபடம் போடவும் முடியாது.

இந்த நாட்டில் செத்துப் பிழைத்த கதைகளுக்கு இன்னொரு ஊற்றும் உண்டு. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உயிர் காக்கும் விஷயம். கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்தவரைக் கடிக்கும். வலி பெரும்பாலும் இருக்காது, வீக்கம் இருக்காது, பல் தடம்கூடத் தெரியாமல் போகும். விடியக்காலம் வயிற்றுவலி, வாந்தி என்று எழுந்திருப்பார். இமை தொங்கும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது, கை கால் விழுந்துவிடும், கடைசியில் மூச்சுத் தசையும் நின்றுவிடும். கண்ணைத் திறந்து டார்ச் அடித்தால் பாவைகூட அசையாமல் போகலாம். பார்ப்பவருக்குப் பிணம். ஆனால் உள்ளே நினைவு தெளிவாக இருக்கக்கூடும், சுற்றி அழுவதும், "எப்ப எடுக்கிய?" என்று கேட்பதும் அவர் காதில் விழும். மூச்சை மட்டும் பையாலோ கருவியாலோ தாங்கிப் பிடித்தால் சில நாளில் முழுக்க எழுந்துவிடுவார். அதனால், தூங்கி எழுந்தவருக்கு வயிற்றுவலியோடு இமை தொங்கினால், பல் தடம் தேடி நேரம் கடத்தாதீர்கள், வேர் அரைத்துக் கொடுக்காதீர்கள், கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-இல் ஏற்றுங்கள். விஷமுறிவு மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். முதல் தடவையே 8 முதல் 10 குப்பி வரை தேவைப்படும். கட்டிலும், ஓரத்தைப் பாய்க்கடியில் செருகிய கொசுவலையும் இருந்தால் இந்தக் கடியைப் பெருமளவு தவிர்க்கலாம்.

சரி, மீண்டு வந்தவர் தானாகவே சொல்ல ஆரம்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "அது மருந்து மயக்கம்" என்று வாயடைக்க வேண்டாம், "சாமி இறங்கிட்டு" என்று ஊரைக் கூட்டவும் வேண்டாம். "அப்புறம்?" என்பதைத் தவிர வேறு கேள்வி போடாமல் கேளுங்கள். வெளிச்சம் தெரிஞ்சுதா, தாத்தா நின்னாரா என்று நாம் எடுத்துக் கொடுத்தால் நினைவு நம் சொல்லோடு கலந்துவிடும். அன்றைக்கே அவர் வார்த்தையில் எழுதி வைத்தால் நல்லது. ரெண்டு மாதம் கழித்துச் சொல்லும்போது அது வேறாகியிருக்கும். எல்லோருக்கும் அமைதியான அனுபவம் வருவதில்லை. இருட்டு, துரத்தல், தனியே கைவிடப்பட்டது போன்ற பயம் என்று சிலர் சொல்வார்கள். அவர்களிடம் "பாவம் பண்ணிருப்ப" என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லக் கூடாது. ஐ.சி.யூ.வில் பல நாள் கிடந்தவர்களுக்குக் குழப்பமும் பயக்கனவும் வருவது சாதாரணம். ராத்திரித் தூக்கம் கெட்டு வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். இன்னொன்று: மீண்டவர்களில் பலருக்குச் சாவுப் பயம் குறைந்துவிடும். அந்தத் தெம்பில், "அவன்தான் திருப்பி அனுப்பிட்டான்லா, இனி மாத்திரை எதுக்கு?" என்று ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை நிறுத்தினால், இதயக் குழாயில் வைத்த ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். அந்த மாத்திரைப் பட்டையை வாரத்துக்கு ஒருமுறை எண்ணிப் பார்க்க வீட்டில் ஒருவர் வேண்டும். அமைதியான அனுபவங்களைக் கேட்டு, துணையை இழந்தவர் யாராவது "நானும் போயிருவேன்" என்று பேசத் தொடங்கினால் தனியே விடாதீர்கள். 104-ஐக் கூப்பிட்டால் ஆலோசகர் பேசுவார்.

இனி மெல்லப் போகிறவர்கள். ஆச்சி அம்மாவைப் பார்த்தது மிகச் சாதாரணமான விஷயம். அமெரிக்காவின் பஃபலோ நகரத்து ஆதரவு இல்லத்தில் கிறிஸ்டோபர் கெர் குழுவினர் 59 பேரைத் தினமும் கேட்டு 2014-இல் எழுதியதில், நூற்றுக்கு 88 பேர் ஒரு தடவையாவது இப்படிக் கனவோ காட்சியோ கண்டதாகச் சொன்னார்கள். நாள் நெருங்க நெருங்கச் செத்த உறவுகள் அதிகம் வந்தார்கள். அவர்களைப் பார்த்ததில்தான் ஆறுதலும் அதிகம் கிடைத்தது. பயணப் பேச்சும் அப்படித்தான். வண்டி, பஸ், பெட்டி, சேலை, சில்லறை என்று கேட்பார்கள். "வாசல்ல ஒருத்தரும் இல்ல" என்று மறுத்தால் அவர் தனியாகிவிடுவார். "அம்மா என்ன சொல்லுதா?" என்று கேளுங்கள். சுங்குடிச் சேலையை எடுத்துக் கையில் கொடுங்கள்.

ஆனால் எல்லாப் புலம்பலும் காட்சி இல்லை. காட்சி காண்பவர் அமைதியாக இருப்பார், அதே மூச்சில் நம்மையும் அடையாளம் தெரிந்து பேசுவார். மூளைக்குழப்பம் வந்தவர் வேறு மாதிரி: போர்வையைப் பிய்ப்பார், எழுந்து ஓடப் பார்ப்பார், பூச்சி ஊர்கிறது என்பார், மகளையே தெரியாது, சாயங்காலம் அதிகமாகும். இதற்குப் பின்னால் பெரும்பாலும் சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கும். தொப்புளுக்குக் கீழே உருண்டையாகப் புடைத்திருந்து, தொட்டால் முகம் சுளித்தால் சிறுநீர் அடைத்திருக்கிறது. குழாய் போட்ட கால் மணி நேரத்தில் அடங்கிவிடுவதுண்டு. மூன்று நாளாக வெளிக்குப் போகாதது, காய்ச்சல், 70-க்குக் கீழே இறங்கிய சர்க்கரை, உப்புச்சத்துக் குறைவு, புதிதாகச் சேர்த்த தூக்கமாத்திரை என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கையைக் கட்டிப்போடாதீர்கள். ஜீரோ வாட் விளக்கு எரியட்டும். கண்ணாடியும் காதுக்கருவியும் மாட்டிவிடுங்கள்.

பால் ஊற்றுவதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடைசி நாட்களில் விழுங்கும் தசை வேலை செய்யாது. மல்லாக்கப் படுத்திருப்பவர் வாயில் சங்கால் ஊற்றும் பால், நேரே மூச்சுக்குழாய்க்குப் போகும். அவருக்கு இருமவும் தெம்பு இருக்காது. "பால் ஊத்துனதும் உசுரு பிரிஞ்சுட்டு" என்று சொல்லப்படும் சாவுகளில் சில, மூச்சடைத்த சாவுகள். சடங்கை விடச் சொல்லவில்லை; செய்கிற விதத்தை மாற்றினால் போதும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, பாலில் தொட்ட பஞ்சைப் பிழிந்துவிட்டு உதட்டில் ஒற்றுங்கள். பேரன் பேத்தி எல்லோரும் அப்படியே ஒற்றலாம். சீவன் இழுத்துக்கொண்டு கிடந்தால் வயல் மண்ணைக் கரைத்து வாயில் விடுகிற பழக்கமும் உண்டு. ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிடுங்கள்; பல பெரியவர்கள் அதை இறுகப் பிடித்துக்கொள்வார்கள்.

வாயைத் துடைப்பது அவருக்குக் குளுக்கோஸைவிடப் பெரிய சுகம். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு டம்ளர், கால் டீஸ்பூன் உப்பு. சுத்தமான வெள்ளைத் துணியை ஸ்பூன் காம்பில் சுற்றி நனைத்துப் பிழிந்து, கன்ன உட்புறம், நாக்கு, ஈறு என்று துடைக்க வேண்டும். விரலை உள்ளே விட்டால் கடிபடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போதும். உதட்டுக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம். ஆக்ஸிஜன் ஓடிக்கொண்டிருந்தால் எண்ணெயும் வாசலினும் வேண்டாம். "ஒரு பாட்டிலாவது ஏத்துங்க டாக்டர்" என்று சொந்தக்காரர்கள் வற்புறுத்துவது இங்கே வழக்கம். போகிற உடம்பால் அந்த அரை லிட்டரை வெளியேற்ற முடியாது. அது காலில் நீராகவும் நெஞ்சில் கோழையாகவும் தேங்கும். நெஞ்சில் கொர் கொர் என்று சேட்டுமம் இழுக்கும் சத்தம் நமக்குத்தான் பயம், பெரும்பாலும் அவருக்குத் தெரியாது. ஒருக்களித்து, முதுகுக்கு ஒரு தலையணை, முழங்காலுக்கு நடுவே ஒன்று, தலை கொஞ்சம் உயர்ந்து இருக்கட்டும். பாதிச் சத்தம் அதிலேயே குறையும். மீதிக்கு மருத்துவர் ஊசி தருவார். வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் சரியான அளவில் கொடுக்கும் மார்ஃபின் (morphine) என்ற மருந்து ஆயுளைக் குறைக்காது. மலச்சிக்கல் வரும் என்பதால் கூடவே அதற்கும் மருந்து வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இந்த ஆதரவு சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் போதும். இதெல்லாம் இருக்கும்போது, இழுத்துக்கிட்டு கிடக்கு என்று எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றி இளநீர் கொடுத்து முடிக்கிற தலைக்கூத்தலை எந்தப் பெயரிலும் ஏற்க முடியாது. அது கொலை.

கடைசிக்குச் சற்று முன்னால் சிலர் திடீரெனத் தெளிவார்கள். மாதக்கணக்கில் பேசாதவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இட்லி கேட்பார். அணையப்போற விளக்கு என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான். பிழைத்துக்கொண்டார் என்று முழு இட்லியை ஊட்டிவிடுவதும், ஸ்கேனுக்குக் கிளப்புவதும் இங்கே நடக்கும் தவறுகள். அந்த ஒன்றிரண்டு மணி நேரம் பேச்சுக்கு உரியது. மும்பையிலோ துபாயிலோ இருக்கும் மகனை உடனே வீடியோ காலில் கூப்பிடுங்கள்.

பேச்சு நின்றபின்னும் காது மூடிவிடுவதில்லை. 2020-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வெளியான ஆய்வில், சாவுக்குச் சில மணி நேரம் முன்பு, எந்த அசைவும் இல்லாத சிலரின் மூளை, ஒலி மாறும்போது விழித்திருப்பவரின் மூளையைப் போலவே பதில் தந்தது. புரிந்துகொண்டார்களா என்பது வேறு. ஒலி போய்ச் சேர்கிறது. எனவே பாகப்பிரிவினையும் வண்டி ஏற்பாடும் கருப்பந்துறைச் சுடுகாட்டுக்கு ஆள் சொல்வதும் திண்ணைக்கு வெளியே நடக்கட்டும். கட்டிலருகே திருவாசகமோ, பைபிள் சங்கீதமோ, மேலப்பாளையத்து வீடுகளில் ஓதுகிற யாசீனோ, அவர் வாழ்நாளெல்லாம் கேட்டது மெல்லிய குரலில் போதும். ஒருவர் கையைப் பிடித்து, யார் பேசுவது என்று பெயர் சொல்லிப் பேசினால் போதும். பத்துப் பேர் சுற்றி நின்று கத்த வேண்டாம்.

மூச்சு இனி இடைவெளி விட்டு விட்டு வரும். வேகமாக நாலைந்து, பிறகு 20 விநாடி ஒன்றுமில்லை, சில நேரம் ஒரு நிமிடம்கூட. அதற்குள் ஒப்பாரி வைத்துவிட்டால், அடுத்த மூச்சு வரும்போது அவர் கேட்கும் கடைசிச் சத்தம் தன் ஒப்பாரியாக இருக்கும். முழங்காலில் நீலத் திட்டு, ஜில்லிட்ட பாதம், நகத்தில் நீலம் எல்லாம் வந்துவிட்டாலும் கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருங்கள். மூச்சு நின்றது என்று தோன்றினாலும் மருத்துவர் வந்து குறைந்தது 5 நிமிடம் நெஞ்சொலி கேட்டுச் சொல்லும்வரை ஐஸ் பெட்டிக்கு அவசரம் இல்லை. அவர் உறுதி செய்தபின் ஈரப் பஞ்சை இமைமேல் சில நிமிடம் வைத்தால் கண் மூடும். துண்டைச் சுருட்டித் தாடைக்குக் கீழே வைத்தால் வாய் மூடும். விறைப்பு இரண்டு மணி நேரத்தில் தொடங்கிவிடும், அதற்குள் செய்ய வேண்டும். குளிப்பாட்டத் திருப்பும்போது, உயிரோடு இருந்தபோது திருப்பியதைப் போலவே, "ஆச்சி, அந்தப் பக்கம் திருப்புதோம்" என்று சொல்லிவிட்டுத் திருப்புங்கள்.